கோழிக்கு விளைந்த சோளம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கலை ஒட்டி நடந்தது இது. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் எங்கள் வீடு. கீழே நானும் கணவரும் இருக்கிறோம். மாடியில் உள்ள ஒற்றை அறையைப் படிக்க வரும் பெண்களுக்கு வாடகைக்கு விடுவோம். அந்த வருடம் வந்தவள் கென்யாவிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்த பெண். நல்ல உயரம், வாய் நிறையச் சிரிப்பு. வந்த கொஞ்ச நாளிலேயே என்னை ஆன்ட்டி என்றும் என் கணவரை மாமா என்றும் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். என் தம்பி போனில் அவரை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டாள்.

என் சமையலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் ஜாஸ்தி. கத்தரிக்காய் கொத்சு வைத்தால் தெருவே மணக்கும் என்று நானே சொல்லிக்கொள்வேன், அடுத்தவர் சொல்லட்டும் என்று காத்திருப்பதில்லை. அவளுக்கும் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தனுப்பினேன். நைஸ் ஆன்ட்டி என்பாள். ஆனால் மழைக்காலம் முடிவதற்குள், வந்தபோது போட்டிருந்த சட்டையெல்லாம் அவள் மேல் தொளதொளவென்று தொங்க ஆரம்பித்தது. உட்காரவைத்து விசாரித்தேன். சோறு சாப்பிட்டால் வயிறு நிறைகிறதாம், சாப்பிட்ட மாதிரி மட்டும் இல்லையாம். அவர்கள் ஊரில் மக்காச்சோள மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கெட்டியாகக் கிண்டி, கீரையோடு சாப்பிடுவார்களாம். வேறு எதைச் சாப்பிட்டாலும் அது இல்லாவிட்டால் அன்றைக்குப் பட்டினி என்றுதான் கணக்காம்.

அவளும் சும்மா இருக்கவில்லை. கடையில் கார்ன்ஃப்ளார் டப்பாவைப் பார்த்து ஆசையாக வாங்கிவந்து கிண்டியிருக்கிறாள். சுவரில் போஸ்டர் ஒட்டுகிற பதத்துக்கு வந்துவிட்டது. ஆன்லைனில் வரவழைத்த மாவில் வண்டு. கேழ்வரகுக் களி கிண்டிக் கொடுத்தேன். நன்றாகவே சாப்பிட்டாள், ஆனாலும் வாசனை வேறு என்றாள். கடலூர் துறைமுகத்திலிருந்து கணவர் வாங்கிவந்த நெத்திலிக் கருவாடு ஒன்றைத்தான் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

நான் விடுவேனா? மார்கழித் திருவாதிரை வந்தது. அன்றைக்குக் களி கிண்டாத வீடு சிதம்பரத்தில் உண்டா? வெல்லமும் நெய்யும் முந்திரியுமாகக் கிண்டி எடுத்துக்கொண்டு, இதை எவள் வேண்டாம் என்பாள் பார்ப்போம் என்று மாடி ஏறினேன். ஆவலாக ஒரு வாய் எடுத்துப் போட்டவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. அவள் எதிர்பார்த்தது உப்புக்கூட இல்லாத களி. நான் கொடுத்ததோ தித்திப்பு. மெதுவாக முழுங்கிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

சில நாள் கழித்து அவளே கீழே வந்து உட்கார்ந்து, ஊருக்குத் திரும்பிப் போய்விடப் போவதாகச் சொன்னாள். பொங்கல் விடுமுறை முடிந்ததும் கைடிடம் சொல்லிவிடப் போகிறாளாம். அவள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண் அவள்தான். அவளை அனுப்ப வீடே சேர்ந்து என்ன பாடுபட்டது என்று அவள் சொல்லி நானும் கேட்டிருக்கிறேன். சாப்பாட்டுக்காகவா படிப்பை விடுவாய் என்று கோபமாகவே கேட்டேன். "நான் வீக் இல்ல ஆன்ட்டி. ஆனா டெய்லி வீக் ஆகறேன்" என்றாள், தெரிந்த தமிழையும் இங்கிலீஷையும் கலந்து. போவதற்கு முன்னால் எங்கள் ஊர்ப் பொங்கலையாவது பார்த்துவிட்டுப் போகட்டும் என்று போகியன்று காலையிலேயே பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன்.

பெண்ணாடம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் பிறந்த வீடு. இப்போது தம்பி குடும்பம் அங்கே இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குள் போகிற ரோட்டில் திரும்பினோம். ரோட்டின் பாதியை அடைத்து மக்காச்சோளம் காயப்போட்டிருந்தது. அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் ரோடுதான் களம். அவள் சட்டென்று பையைக் கீழே வைத்துவிட்டு ஓரமாகக் குந்திக்கொண்டாள். ஒரு கை அள்ளி முகர்ந்தாள். ஒரு மணியைக் கடித்தாள். அவர்கள் ஊரில் வெள்ளையாக இருக்குமாம், இது மஞ்சள், ஆனால் வாசனை அதேதான் என்று சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இது யாருடையது என்று கேட்டாள். கொஞ்சம் தள்ளி, காலால் சோளத்தைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தவன் என் தம்பிதான்.

படிக்கிற உங்களுக்கு எப்போதோ தோன்றியிருக்கும், எனக்குத்தான் தோன்றவில்லை. முன்பு நெல் போட்ட நிலம் எங்களுடையது. தண்ணீர் குறைந்ததும் தம்பி மக்காச்சோளத்துக்கு மாறினான். அறுவடை முடிந்தால் கோழித் தீவனத்துக்கு லாரியில் ஏற்றிவிடுவார்கள். ஒரு பிடியைக்கூட எங்கள் வீட்டு அடுப்பில் யாரும் ஏற்றியதில்லை. கோழித் தீனியையும் அவள் சாப்பாட்டையும் என் புத்தி சேர்த்தே பார்க்கவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

வீட்டு வாசலுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் தம்பி பதறிப்போனான். "என்னாக்கா நீ? நம்மள நம்பி வந்த புள்ளைக்கு கோழித் தீனியப் போட்டா ஊர்ல என்னா பேசுவாங்க?" என்றான். அவன் மனைவி வடைக்கு உளுந்து ஊறப்போட்டிருந்தாள். அவளுக்கும் மனசு ஒப்பவில்லை. அந்தப் பெண் கையில் அள்ளிய சோளத்தைக் கீழே போடவும் மனசில்லாமல் நின்றாள். தம்பி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் வீட்டுக்குள் போனான்.

ரோட்டில் கிடந்தது வேண்டாம் என்று, வீட்டில் உரிக்காமல் கிடந்த கதிர்களில் நல்லதாகப் பொறுக்கி அவனே கையால் உதிர்த்தான். புடைத்துச் சுத்தம் செய்து மாவு மில்லுக்குப் போனோம். அங்கே ஒரே கூட்டம். இதைப் போட்டால் அடுத்தவர்கள் அரிசி மாவு மஞ்சளாகிவிடும் என்று மில்காரர் மறுத்தார். எல்லாருக்கும் அரைத்த பிறகு கடைசியாக அரைத்துத் தந்தால் போதும் என்று சொல்லித் தம்பி காத்திருந்தான். மற்ற நாளாக இருந்தால் இரண்டு வார்த்தை சூடாகப் பேசிவிட்டு வந்திருப்பான்.

சாயங்காலம் வாசல் அடுப்பில் அவளே கிண்டினாள். தம்பி மனைவி களி கிண்டுகிற துடுப்பை எடுத்துக் கொடுத்தாள். மாவைத் தூவித் தூவி அவள் கிண்டிய வேகத்தைப் பார்த்து, நம்மளவிட நல்லா கிண்டறாளே என்று என் காதோடு சொன்னாள். கொல்லையிலிருந்து பறித்த கீரையை வெங்காயம், தக்காளி போட்டு வதக்கினார்கள். தட்டில் கவிழ்த்தபோது பெரிய மஞ்சள் உருண்டையாக ஆவி பறக்க நின்றது. கையில் கொஞ்சம் எடுத்து உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, அதில் கீரையை அள்ளி வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டே மென்றாள். அப்புறம் எங்களை மறந்தே போனாள். இரண்டாம் முறை அவளே போட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டில் ஐந்து மாதமாக நான் பார்க்காத காட்சி அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவியதும் நேராகத் தம்பி முன்னால் வந்து, நம் ஊர் வழக்கப்படி கைகூப்பினாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டான். நானும் பின்னாலேயே போனேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நெல்ல உட்டு எத்தினி வருசம் ஆச்சிக்கா. லாரியில ஏத்துறதோட சரி. நான் வெளயவச்சத ஒரு மனுசி உக்காந்து சாப்பிட்டு இன்னிக்கிதான் பாக்கறேன்."

அவள் ஊருக்குப் போகவில்லை. ஒரு மூட்டை மாவோடு சிதம்பரம் திரும்பி, இன்றும் எங்கள் மாடியில் இருந்துகொண்டு ஆராய்ச்சியை எழுதி முடித்துக்கொண்டிருக்கிறாள். தம்பி இப்போது லாரி வருவதற்கு முன்பே வீட்டுக்கும் அவளுக்கும் தனியாக எடுத்துவைத்துவிடுகிறான். எந்த நாட்டிலோ பிறந்த ஒருத்தி பசியோடு வந்து ருசித்துச் சாப்பிட்டதால்தான் என் தம்பியின் உழைப்பு ஒரு மனுஷருக்குச் சோறானதை அவனும் நானும் கண்ணால் பார்த்தோம். அவளை என் வீட்டு மாடிக்குக் கொண்டுவந்து சேர்த்த தெய்வத்துக்கு, சோளம் காயும் அந்த ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.