ஒரு வளவுக்கு ஓர் அடுப்பு

நகரத்தின் வருங்காலத் திட்டம் என்று அரசாங்கக் கந்தோர்ச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் எங்கள் வளவு மஞ்சள் நிறத்தில் இருந்தது. மஞ்சள் என்றால் நெருக்கம் குறைந்த குடியிருப்பு, ஒரு காணிக்கு ஒரு வீடு, அதற்கு மேல் அனுமதி இல்லை என்று கீழே எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் தணியவில்லை. அந்த வளவில் அக்கா குடும்பத்துக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று இரண்டு வீடுகள் வேண்டியிருந்தன.

தாழ்வுபாட்டுக்குப் போகும் வழியில், மன்னார்த் தீவில் பட்டினம் முடிகிற இடத்தில் இருக்கிறது அந்த வளவு. அம்மாவுக்குச் சீதனமாக வந்த காணி. எங்கள் இருவருக்கும் பாதி பாதி என்று அம்மா எப்போதோ சொல்லிவிட்டார். போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பியதும் இரண்டு தகரக் கொட்டில்கள் போட்டோம். ஒன்றில் நானும் அம்மாவும். மற்றதில் அக்கா, அத்தான், அவர்களின் இரண்டு பிள்ளைகள். அத்தான் விடியுமுன் கடலுக்குப் போகிறவர். அதனால் அக்கா தனியாக உலை வைத்தாள். கோபதாபம் ஒன்றும் இல்லை, வசதிக்காகத்தான்.

அரசாங்க வீட்டுத்திட்டத்துக்கு வீடு வீடாகக் கணக்கெடுக்க ஆள் வருகிறது என்று தெரிந்த காலையில், அம்மா அக்காவின் அடுப்பைக் காட்டி, "உந்தக் கல்லுகளைக் கிளப்புங்கோ" என்றார். "வாற ஆக்கள் பாத்தா என்ன நினைப்பினம்? சகோதரங்கள் ஒத்துமையில்லை எண்டெல்லோ கதைப்பினம்."

எங்கள் பக்கத்தில் ஒரு வளவுக்குள் இரண்டு அடுப்பு புகைந்தால் அப்படித்தான் கதைப்பார்கள். அக்கா தயங்கினாள். நான்தான் மூன்று கல்லையும் தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் போட்டேன். சாம்பலின்மேல் மண்ணை இழுத்து மூடினேன். புத்தி எங்கே போனதோ தெரியவில்லை.

வந்தவர் இளம் உத்தியோகத்தர். இருந்த ஒரே கதிரையை அவருக்குப் போட்டோம். தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "எத்தனை அடுப்பு எரியுது, அம்மா?" என்று கேட்டார்.

"ஒண்டுதான் தம்பி. என்ர பிள்ளையள் பிரிஞ்சு சமைச்சதில்லை."

அம்மாவின் முகத்தில் அத்தனை பெருமை. உத்தியோகத்தர் எழுதிக்கொண்டார். ஓர் அடுப்பென்றால் ஒரு வீடு என்பது அவர்களுடைய கணக்கு. அதை எங்களுக்குச் சொல்லவும் இல்லை, கண்முன்னே நின்ற இரண்டு கொட்டில்களையும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

பட்டியலில் எங்கள் வளவுக்கு ஒரு வீடுதான் வந்தது. ஆட்சேபம் சொல்ல நானும் அக்காவும் அந்த வரைபடம் ஒட்டியிருந்த கந்தோருக்குப் போனோம். அங்கிருந்த மேலதிகாரி எங்களை இருக்கக்கூடச் சொல்லவில்லை.

"அம்மா பொய் சொன்னவ, சேர். ரெண்டு குடும்பம்" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு நாக்கூசியது.

"இனி மாத்தேலாது, பிள்ளை. எடுத்த கணக்கை வைச்சு, இந்தப் பக்கம் இடைவெளியா இருக்கவேணும் எண்டு திட்டம் போட்டாச்சு. வருங்காலத்தையும் பாக்கவேணும். அக்காவுக்குப் பாலத்துக்கு அங்கால காணி குடுக்கலாம்."

யாருடைய வருங்காலம்? அக்காவின் பிள்ளைகளுக்கு வருங்காலம் கிடையாதா? இடைவெளி பற்றிப் பேசியவர் ஒரு மத்தியானமாவது எங்கள் தகரத்துக்குக் கீழே இருந்து பார்த்திருக்க வேண்டும். வாய்வரை வந்ததை அக்கா என் கையைப் பிடித்து அடக்கிவிட்டாள்.

பெருநிலத்தில், பற்றைக்காடு வெட்டிய காணியில், அக்காவுக்கு வீடு கிடைத்தது. கடல் கண்ணுக்கெட்டாத இடம். வலையைத் தவிர வேறு தொழில் தெரியாத அத்தான் அங்கே கூலிக்கு மண் வெட்டினார். எங்கள் வளவில் எனக்கு வீடு எழும்பியது, இரண்டு அறையும் விறாந்தையுமாக. மீதிப் பாதி வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாமேல் எரிந்து விழுந்தேன். கல்லைத் தூக்கியது என் கை என்பதை மட்டும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நாங்கள் புது வீட்டில் குடிபுகுந்த அன்று அக்கா பிள்ளைகளோடு வந்தாள். அம்மா சோறு போட்டார். பாதிச் சாப்பாட்டில் அக்கா எழும்பிக் கையைக் கழுவினாள்.

"இருந்து சாப்பிடன், பிள்ளை" என்றார் அம்மா.

"இல்லையம்மா, கடைசி பஸ் போயிடும்" என்றாள், தன் சொந்தக் காணியில் நின்றுகொண்டு.