உயிரோடு ஒரு கணவாய்

ஆராய்ச்சி என்பது பாதி நேரம் நுண்ணோக்கி, மீதி நேரம் கெஞ்சல். இதே தொழிலில் சிக்கியிருக்கும் உங்களுக்குத் தெரியாததா? உயிரணுவுக்குள் சரக்குச் சுமக்கும் புரதங்களைப் பார்ப்பது என் வேலை. கணவாயின் தடித்த நரம்பிழையில் அவற்றை நன்றாகப் பார்க்கலாம். ஆனால் கணவாய் உயிரோடு வேண்டும். அதற்காகவே கடலோரக் கோட்டைக்குப்பத்தில் ஓர் அறை பிடித்து, கருவிகளோடு குடியேறினேன்.

முதல் பெட்டி

ஏழுமலை ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். அவர் மனைவி தேசம்மா கரையில் மீன் விற்பவர். நான் கேட்டபடி ஐஸ் பெட்டி நிறையக் கணவாய் கொண்டுவந்தார்கள். பளபளவென்று இருந்தன, ஒன்றும் அசையவில்லை. செத்தால் நரம்புக்குள் ஓட்டம் நின்றுவிடும், உயிரோடுதான் வேண்டும் என்றேன். தேசம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாமா, கொழம்புல போட்டா எழுந்து ஓடணுமா?"

மை

அடுத்த முறை டிரம்மில் கடல்நீரோடு வந்தன. ஆசையாகக் குனிந்தேன். ஒன்று பீச்சியடித்ததில் கண்ணாடி, முகம், வெள்ளைக் கோட்டு எல்லாம் கறுப்பு.

"உயிரோட கேட்டீங்களே மேடம், இப்ப நம்பிக்கை வந்துச்சா?" என்றார் ஏழுமலை.

வறுவல்

நெரிசலிலும் மை கலந்த தண்ணீரிலும் அத்தனையும் சற்று நேரத்தில் செத்தன. இந்த வாரமும் ஒன்றும் கிடைக்காவிட்டால் மூட்டை கட்டு என்று என் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் போனில் சொல்லியிருந்தார். கண்ணைத் துடைத்தபடி டிரம்மைச் சாய்த்தேன். தேசம்மா அவற்றை அள்ளிப்போய், மிளகாய் போட்டு வறுத்துத் தட்டில் கொண்டுவந்து வைத்தார்.

"அழுவாத. நரம்புதானே கெட்டுச்சு, மீதி நல்லாத்தான் கீது."

திரையில்

பிறகு மூவருமாக யோசித்தோம்: டிரம்முக்கு ஒன்றே ஒன்று, மேலே ஈரச்சாக்கு, வழியெல்லாம் தண்ணீர் மாற்றுவது. வந்தது, துடிப்போடு! நரம்பிழைக்குள் இருந்ததைப் பிதுக்கிக் கண்ணாடித் தகட்டில் வைத்தேன். திரையில் பொடிப்பொடி மணிகள் கோடு பிடித்தாற்போல் நகர்ந்தன. சில அந்தப் பக்கம், சில இந்தப் பக்கம். நான் கத்திய கத்தலில் இருவரும் ஓடிவந்தார்கள்.

ஒவ்வொரு மணியையும் சுமப்பது ஒரு புரதம், இரண்டு கால் வைத்து இழைமேல் நடக்கும், நரம்பின் நுனிக்குக் கொண்டுபோவது ஒன்று, திரும்பக் கொண்டுவருவது வேறொன்று என்றேன். டீசல் யார் ஊற்றுகிறார்கள் என்று கேட்டார் ஏழுமலை. உயிரணுவே எரிபொருள் செய்துகொள்ளும், தகட்டில் மட்டும் நான் ஊற்றினேன் என்றேன். நம் உடம்பிலும் ஓயாமல் இது நடக்கிறது என்றதும் தேசம்மா கணவர் பக்கம் திரும்பினார்.

"நான் சும்மா குந்திகினு கீறப்பகூட உள்ள வேலை நடக்குதாம், கேட்டுக்கோ!"

விற்பனை

மறுநாள் கரையில் தேசம்மாவின் கூடையைச் சுற்றிக் கூட்டம். "உள்ளாற சரக்கு நடந்து போற கணவாய், வாங்க வாங்க!" என்று கூவிக்கொண்டிருந்தார். அக்கா, ஐஸில் வைத்ததில் எதுவும் நடக்காதே என்று காதோரம் சொன்னேன்.

"யாவாரம் நடக்குதுல்ல, நீ சும்மா நில்லு."

ஆக, பின்னர் வெளிவந்த என் ஆய்வுக் கட்டுரையை இதுவரை படித்தவர்களைவிட, அன்று தேசம்மா கூவியதைக் கேட்டவர்கள்தான் அதிகம்.