தூத்துக்குடி வேட்டியும் கொடைக்கானல் பனியும்

1961 தை மாதம், வெள்ளிக்கிழமை. காலை ஐந்தரை மணிக்கு நானும் மனைவி கோமதியும் கொடை ரோடு நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து கொடைக்கானல் ஐம்பது மைல். பஸ்ஸுக்கு ஆளுக்கு இரண்டே முக்கால் ரூபாய்.

ஊர் பார்க்க மட்டும் போகவில்லை. தபால் குமாஸ்தாவான எனக்கு அங்கே மாற்றல் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். எங்கள் தூத்துக்குடியில் ஐப்பசி கார்த்திகையில் நாலு மழை, ஆடியில் புழுதிக் காற்று, மார்கழியில் கொஞ்சம் ஆறுதல். மற்ற நாளெல்லாம் உப்பும் வேர்வையும்தான். கோமதிக்கு வருஷத்தில் எட்டு மாதம் வேர்க்குரு, உறக்கம் கிடையாது. எனக்கோ சாயங்காலக் கடற்காற்று படாவிட்டால் சோறு இறங்காது. அவளே வேண்டாமென்று சொல்லிவிடட்டும் என்று உள்ளூர ஆசைப்பட்டேன்.

மலைமேல் செண்பகனூர் வந்ததுமே குளிருக்கு பஸ்ஸில் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். பத்தரைக்குக் கொடைக்கானல். கடைத்தெருவில் கம்பளி விற்கும் காதர் பாய் வீட்டு மாடியில் அறை கிடைத்தது, நாளுக்கு மூன்று ரூபாய்.

ரயில் கரி படிந்துவிட்டதென்று, உடுத்தியது போக மிச்சத் துணி அத்தனையையும் கோமதி சாயங்காலமே துவைத்துக் கொடியில் போட்டாள். எங்கள் ஊரில் அப்படித்தான். விடிவதற்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும். சனிக்கிழமை விடிந்ததும் போய்ப் பார்த்தால் மொடமொடப்புக்குக் குறைச்சலில்லை. உறைபனியில் என் வேட்டி அப்பளம் போல விறைத்து நின்றது.

"மடக்கிராதீங்க தங்கச்சி, கிழிஞ்சு போகும்," என்று ஓடிவந்தார் காதர் பாய். கணப்புச் சட்டியில் கரி மூட்டி, அதன்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்துச் சேலையை விரித்தார். அங்கே துணி காய்வது அப்படித்தானாம். ஒவ்வொன்றாகக் காயும்வரை அவர் கொடுத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பங்குனி சித்திரையில் நல்ல வெயில் உண்டு, ஆனி ஆடியில் மூடுபனி என்று வருஷம் முழுவதையும் அவர் சொல்லி வந்தார்.

"ஐப்பசில ஒரு வாரமானாலும் துணி ஈரமாத்தான் கெடக்கும்ங்க," என்றார். எனக்கு ஏகச் சந்தோஷம். கோமதி காதில் விழட்டுமென்று அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

ஞாயிறு மதியம் மலையிறங்கினோம். வத்தலக்குண்டு வந்ததும் கோமதி கழுத்தைச் சொறிய ஆரம்பித்தாள். காதர் பாய் சொன்ன ஐப்பசி ஈரத்தை மெல்ல ஞாபகப்படுத்தினேன்.

"கேட்டேன். ரெண்டு ராத்திரியும் அசந்து தூங்கினேனே, அதை நீங்க பாக்கலையா? வர்றோம்னு எழுதிப் போடுங்க. ஆளுக்கு நாலு துணி கூடுதலா எடுத்துக்கிடலாம்."

பார்த்திருந்தேன். தூக்கத்திலும் விசிறியைத் தேடும் அவள் கை, இரண்டு இரவும் கம்பளியை விட்டு வெளியே வரவில்லை. கடலுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கொடை ரோட்டில் ரயில் வருமுன் சம்மதம் எழுதிப் பெட்டியில் போட்டேன்.