குசினி இருந்த மூலை

மல்லாவியில் இருந்த என் தையல் கடையைக் கிளிநொச்சிக்கு மாற்றியபோது எல்லோரும் நல்ல முடிவு என்றார்கள். அகலமான வீதி, வரிசையாக வங்கிகள், நாலு பக்கத்திலிருந்தும் பஸ். பள்ளிக்கூடச் சீருடை தைத்தாலே பிழைத்துக்கொள்ளலாம். ஒரு நகரம் ஆட்களைக் கூப்பிடுவதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று நானும் நினைத்தேன். வாடகைக்கு எடுத்த கடையில் பெயின்ட் மணம்கூடப் போயிருக்கவில்லை.

ஒருநாள் காலை, நடுத்தர வயதுப் பெண் ஒருவர் வந்தார். கையில் துணி எதுவும் இல்லை. என்னைப் பார்க்காமல் நேரே பின்பக்கம் போய், துணிக்கட்டுகள் அடுக்கியிருந்த மூலையில் நின்றார்.

“என்னம்மா வேணும்?”

“இதில எங்கட குசினி இருந்தது, பிள்ளை. இதில வச்சுத்தான் சமைக்கிறனான்.”

அவர் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டேன். அந்தக் காணி முன்பு அவருடையதாம். போரில் இடம்பெயர்ந்த அன்று மகள் அந்த மூலையில் இருந்துதான் சாப்பிட்டாளாம். சாப்பிட்ட கோப்பையைக் கழுவக்கூட நேரமில்லாமல் வெளிக்கிட்டார்களாம். திரும்பி வந்தது அவர் மட்டும். காணியை விற்றுவிட்டு விசுவமடுவில் தங்கையோடு இருக்கிறார்.

“கடை நல்லா ஓடுதோ?”

“ஓம் அம்மா. ரோட்டுக்கரை எண்டபடியா சனம் வருது.”

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு அந்தப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. துணிக்கட்டுகளை முன்னுக்கு மாற்றினேன். மத்தியானத்தில் மெஷினை நிறுத்தினால், பின்னால் யாரோ சோறு பிசைகிறது போல இருக்கும். சாப்பாட்டை வாசலுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்து எதிரே உள்ள கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் அடியில் யாருடைய குசினியோ என்று தோன்றும்.

அவர் மறுபடி வந்தபோது மூலை வெறுமையாகக் கிடந்தது.

“ஏன் பிள்ளை, இதைச் சும்மா விட்டிருக்கிறீங்கள்?”

“பயமா இருக்கு அம்மா.”

அவர் கோபிக்கவில்லை. “தனிய ஒரு வீட்டைக் கட்டி, அதுக்குள்ள சத்தமில்லாமல் இருக்க என்னால ஏலாது. நாலு சனம் வந்துபோற இடமா இருக்கட்டும் எண்டுதான் வித்தனான். இதில ஒரு மெஷினைப் போடுங்கோ.”

இருவருமாக ஒரு மெஷினை அந்த மூலைக்கு இழுத்துப் போட்டோம். நான் ஒரு சட்டைக் கழுத்துப் பட்டியைத் தைத்தேன். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் அளவு கொடுக்க வரும்வரை அவர் பக்கத்திலேயே இருந்தார்.

இப்போது வேலை கூடிவிட்டது. அந்த மெஷினில் தைக்க ஒரு பெண்ணைச் சேர்த்திருக்கிறேன். ஏன் எப்போதும் வாசலிலேயே இருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அவள் ஒருநாள் கேட்டாள். உள்ளே புழுக்கம் என்றேன்.