தோளில் இரண்டு தட்டு

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்தபோது ஜூடோ கற்றுக்கொண்டேன். வலி தாங்க முடியாவிட்டால் எதிராளியின் மேல் இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டியதும் பிடியை விட்டுவிட வேண்டும். மாஸ்டர் முதல் நாளே சொல்லித் தந்தது அதுதான்.

மாவட்ட அணிக்கான தேர்வில் எனக்கு எதிரே எஸ்தர். முக்கூடலிலிருந்து தினமும் என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிறவள். நான் மல்லாந்து கிடந்தபடி அவளுடைய வலது காலை என் இரண்டு கால்களுக்கும் நடுவே பூட்டிக்கொண்டேன். அவள் பாதம் விரிப்பில் ஊன்றியிருந்தது. அந்த நிலையில் முழங்காலைத் திருகக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தோற்றுவிடுவேனோ என்ற பயத்தில் திருகினேன்.

என் தோளில் இரண்டு முறை தட்டினாள். நன்றாகவே தெரிந்தது. நான் விடவில்லை. அவள் முழங்காலுக்குள் மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

மறுபக்கம் நின்றிருந்த மாஸ்டர் ஓடிவந்தார். "தட்டினாளா?"

"இல்ல சார்" என்றேன்.

சுருண்டு கிடந்தவளைத் திட்டினார். "வலிச்சா தட்டணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? வீம்பு பிடிச்சா இப்படித்தான் ஆவும்."

எஸ்தர் என்னையே பார்த்தாள். நான் அணியில் சேர்ந்தேன்.

மூன்று மாதம் கழித்து நொண்டிக்கொண்டே பஸ்ஸில் ஏறினாள். எழுந்து இடம் கொடுத்தேன். அவள் உட்காரவில்லை. என் தோளில் மெதுவாக இரண்டு முறை தட்டினாள்.

"ஏட்டி, இது தெரியுதா?"

கூட்டத்தில் யார் என் தோளைத் தொட்டாலும் இன்றும் சட்டென்று விலகி வழிவிடுகிறேன். அவளுக்குத்தான் இன்னும் பதில் சொல்லவில்லை.