மூன்று கடிதங்கள் பாக்கி

பிளெய்ன்ஸ்பரோ கிருஷ்ணசாமி சார் செவ்வாய்க்கிழமை காலை மாரடைப்பால் காலமானார். அவருடைய மகன் செந்தில் தொலைபேசியில் உறுதி செய்தார். "சேர்லயே போயிட்டார் அங்கிள். கையில லென்ஸ் இருந்துச்சு."

சென்னையில் நில வரைபடங்கள் வரைந்து ஓய்வு பெற்றவர் சார். மனைவி கமலம் அம்மாவுடன் அமெரிக்காவிலுள்ள மகன் வீட்டுக்கு வந்தார். இங்குள்ள வரலாற்றுச் சங்கம் ஒன்றிடம் ஒரு பெட்டிக் கடிதங்கள் இருந்தன. விக்டோரியா ராணி காலத்தில் நம் மலைகளை அளந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஒருவர் தன் ஊரிலிருந்த மனைவிக்கு எழுதியவை. தபால் செலவுக்கு அஞ்சி, எழுதிய தாளையே திருப்பி, எழுத்தின் மேலேயே குறுக்காக எழுதியிருந்தார். சங்கத்தில் எவராலும் படிக்க முடியவில்லை. சார் படித்தார், நாளைக்குப் பத்து வரி. "அவசரப்பட்டா ஊரே இடம் மாறிடும்" என்பார். ஐந்து ஆண்டுகள் அப்படியே உழைத்தார்.

ஞாயிறு மாலைகளில் அக்கம்பக்கத்துத் தமிழர்களான எங்களை அழைத்துத் தமிழில் சொல்லிக் காட்டுவார். கண் எரிச்சல் குறைந்ததா, தனியாகப் படி இறங்காதே என்று அந்த அதிகாரி மனைவிக்கு எழுதிய இடங்களில் அவர் குரல் தழுதழுக்கும்.

சென்ற குளிர்காலத்தில் கோவையில் கமலம் அம்மாவின் அக்காவுக்குப் புற்றுநோய் முற்றியது. செந்தில் எடுத்த டிக்கெட்டை சார் ரத்து செய்யச் சொன்னார்.

"ஒரு வாரம் பாத்துட்டு வந்துர்றேனுங்க" என்று எங்கள் முன்னால் கேட்டார் கமலம் அம்மா.

"இவ அக்கா மூணு வருஷமா சாகறா. எனக்கு மூணு கடிதம்தான் பாக்கி. அதுக்குள்ள செத்துருவாளா?"

நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பாக்கியிருந்ததில் மூன்றாவது கடிதத்தை அவர் வாசித்த ஞாயிறன்றும் நான் இருந்தேன். அது ஊர் போய்ச் சேருமுன் அந்த மனைவி இறந்துவிட்டதாகத் தாளின் ஓரத்தில் வேறொரு கையெழுத்தில் குறித்திருந்தது. சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். "கமலம், அந்தம்மா போயிட்டா!"

காபித் தட்டோடு வந்தவர், "எங்க அக்காவும் போயிட்டாளுங்க. காத்தால ஃபோன் வந்துச்சு" என்றார்.

"அப்படியா" என்றார் சார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விட்ட வரியிலிருந்து வாசித்தார்.

இதையெல்லாம் அஞ்சலியில் எழுதலாமா என்று கமலம் அம்மாவிடம் கேட்டேன். "எழுதுங்க தம்பி. அவர் வேலையில ஒரு எழுத்து விட்டதில்ல. நீங்களும் விடாதீங்க."

கடிதங்களைச் சங்கம் நூலாக அச்சிடுகிறது. 'அன்பு மனைவி கமலத்துக்கு' என்று சமர்ப்பணம் போடலாமா என்று கேட்டிருக்கிறார்கள்.

"அவரு சொன்னாரா?" என்று மகனிடம் கேட்டார் கமலம் அம்மா.

"இல்லம்மா, இங்க எல்லா புக்லயும் அப்படித்தான் போடுவாங்க."

"அப்ப எங்க அக்கா பேரைப் போடச் சொல்லு. தெய்வானைன்னு."

புதன்கிழமை தகனம் முடிந்தது. கமலம் அம்மா அழவில்லை, கடைசிவரை நின்றார். எவராலும் படிக்க முடியாததைப் படித்துக் கொடுத்தீர்கள், சார். போய் வாருங்கள்.

தெய்வானை யார், நூலுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று சங்கம் கேட்டிருக்கிறது. கமலம் அம்மா சொல்லச் சொல்ல செந்தில் ஆங்கிலத்தில் எழுதி ஃபேக்ஸ் அனுப்பியிருக்கிறார். சங்கம் அடுத்த வியாழக்கிழமை கூடுகிறது. அன்று மாலை முடிவு தெரியும்.