இருபத்திரண்டு மில்லி தகடு

மலேசியாவில் பாசிர் கூடாங் கப்பல் பட்டறையில் முப்பத்தோரு வருஷம் இரும்புத் தகடு பொருத்தியவர் கனகராஜ். எந்தக் கப்பலைப் பார்த்தாலும் முதலில் தடிமனைத்தான் கேட்பார். மகன் செல்வாவுக்கு ஆர்க்டிக் கடலுக்குப் போகும் சரக்குக் கப்பலில் இன்ஜினியர் வேலை வந்தபோதும், அவன் அனுப்பிய காகிதங்களில் அதைத்தான் தேடிப் பார்த்தார்.

"ஐஸ் உரசுற இடத்துல இருபத்திரண்டு மில்லி போட்டிருக்கான். தைரியமா போடா."

செல்வா போனான். நவம்பரில் ஐஸ் மோதிக் கப்பல் பிளந்தது. உடல் கிடைக்கவில்லை.

வருஷம் திரும்பியதும் மனைவி மலர் திவசத்துக்கு நாள் பார்த்து வந்தாள்.

"தகடு சரியா தப்பான்னு தெரியாம அவனுக்குப் படையல் போட மாட்டேன்," என்றார் கனகராஜ்.

தம்போயில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை காகிதத்தால் நிறைந்தது. ஐஸில் ஓடும் கப்பலுக்குப் பின்லாந்தும் சுவீடனும் சேர்ந்து எழுதிய விதி, ரஷ்யாவின் விதி, கனடாவின் விதி. மூன்றிலும் அதே கப்பலின் நீளத்தையும் எடையையும் போட்டுக் கணக்குப் பார்த்தார். மூன்று விடைகள் வந்தன. செல்வாவின் கப்பல் முதல் விதிப்படி கட்டியது. அதில்தான் தகடு மெலிசு. கஞ்சத்தனம் செய்த கப்பல் முதலாளிதான் குற்றவாளி என்று அவர் முடிவு கட்டும் நேரத்தில், பட்டறையில் வரைபடம் போடும் மனோகரன் வந்தார்.

"கணக்கு சுத்தமா இருக்குண்ணே. எந்த ஐஸுன்னு எழுதலையே?"

"ஐஸுல என்ன லா வித்தியாசம்?"

"இருக்குண்ணே. முதல் விதி அவங்க ஊர்க் கடலுக்கு எழுதினது. ஒரு குளிர்காலத்துல உறையுற ஐஸு. முன்னால ஒரு கப்பல் உடைச்சு வழி போடும், இது பின்னால போகும். செல்வா போனது பல வருஷமா உருகாத ஐஸு. கல்லு மாதிரி. மத்த விதிங்க அதையும் சேர்த்து எழுதினது." மனோகரன் விரலை வைத்துக் காட்டினார். "இதோ, முதல் பக்கத்துலயே போட்டிருக்கே."

செல்வா அனுப்பிய காகிதத்திலும் அந்த விதியின் பெயர் இருந்தது. கனகராஜ் அதைத் தாண்டித் தடிமன் பக்கத்துக்குப் போயிருந்தார்.

மனோகரன் போன பிறகு மலர் கேட்டாள், "என்னங்க சொன்னாரு?"

"தகடு சரிதான். அந்தக் கடலுக்குத்தான் அது பத்தாது. பேப்பர் என் கையில இருந்துச்சு மலர். நான் படிக்கல. நான்தான் போகச் சொன்னேன்."

உங்கள் தப்பு இல்லை என்று மலர் சொல்லவில்லை.

"மேசைய ஒழிச்சுக் குடுங்க," என்றாள். "திங்கக்கிழமை இலை போடணும்."

திங்கட்கிழமை சோறு, நண்டுக் கறி, ஒரு கிளாஸ் மைலோ. சின்னதிலிருந்தே செல்வா ஐஸ் போடாமல் மைலோ குடித்ததில்லை. மலர் பிரிட்ஜின் மேல் கதவைத் திறந்தாள், ஐஸ் தட்டைப் பார்த்தாள், மூடினாள். கனகராஜ் கிளாஸை அப்படியே எடுத்துக்கொண்டு போய் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.